பத்தொன்பது நாள் என் பீரோவில் இருந்த உன் மாமாவின் கைப்பேசி

ஓசூர்,
2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6 மணி 20 நிமிடம்.

பொருள்: உன் மாமாவுக்குப் புதிய கைப்பேசி வாங்குவது குறித்து

அன்புள்ள குமரனுக்கு,

கடந்த புதன்கிழமை, ஆகஸ்ட் 14, இரவு 8 மணி 10 நிமிடத்துக்கு நீ புனேயிலிருந்து பேசினாய். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்ற வழக்கமான இரண்டு கேள்விகளுக்குப் பிறகு நீ சொன்னது இது: "அப்பா, நாங்க ஜெர்மனி கெளம்புறதுக்குள்ள மாமாவுக்கு நல்ல போனா ஒண்ணு பாத்து வாங்கிக் குடுத்துருங்க. பதினஞ்சாயிரத்துக்குள்ள இருக்கட்டும். மாமா போன்ல போர்டு போயிருச்சாம்ல, எப்ப வேணா நின்னுருமாம். மாமாவுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா, பாத்து வாங்கித்தர?" ஒரே மூச்சில் மூன்று முறை மாமா. நான் எண்ணினேன். எண்ணுவது அற்பமான செயல் என்பதும் தெரியும். ஆனாலும், உங்களுக்கு ஒன்று வேண்டுமா அப்பா என்று நீ ஒரு முறையாவது கேட்பாய் என அழைப்பு முடியும்வரை காத்திருந்தேன். செப்டம்பர் 1 அன்று நீயும் கவிதாவும் யாழினியும் விமானம் ஏறப்போகிறீர்கள். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுகிற பொருள் என் கைப்பேசி ஒன்றுதான். அங்கே போன பின் நீ யாரை முதலில் அழைப்பாய் என்ற ஒரே கேள்விதான் இந்தக் கடிதம் முழுவதும் எனக்கு இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை.

நீ கேட்ட வேலையை முதலில் முறையாகத்தான் தொடங்கினேன். மறுநாள், ஆகஸ்ட் 15, விடுமுறை. பாகலூர் சாலையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். விற்பனைக்கு நிற்பவர்கள் கேமராவின் எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். நீ அதைக் கடைசியாகக் கேள். முதலில் கேட்க வேண்டியது, பழுதானால் எங்கே கொண்டுபோவது என்பது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இல்லாமல் பெங்களூரில்தான் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது மலிவு அல்ல. இரண்டாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பது. கடைக்காரர் விழித்தால் அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தை அவர் எதிரிலேயே திறந்து காட்டச் சொல். மூன்றாவது, அது புழங்கப்போகும் இடத்தில் எந்த சிம்முக்குக் கோபுரம் எட்டுகிறது என்பது. ஊத்தங்கரை தாண்டி உன் மாமாவின் நிலத்தில் ஒரு கம்பெனியின் சிக்னல் பம்ப்செட் அருகே நன்றாக இருக்கும், வீட்டுக்குள் போனால் செத்துவிடும். இதைக் கைப்பேசியின் குற்றம் என்று நினைத்து இரண்டு கைப்பேசிகளை மாற்றிய மனிதர் அவர். நான்காவது, பெட்டியில் அச்சிட்ட பதினைந்து இலக்க அடையாள எண்ணும், ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வருகிற எண்ணும், ரசீதில் எழுதுகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் பாதி விலைக்கு வருவது கைப்பேசி அல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு நான்காவது கடையின் படியில் கால் வைத்தபோது மேலே ஏற முடியவில்லை. உன் மாமாவுக்குப் புதிய கைப்பேசி தேவையில்லை. அவருடைய கைப்பேசியில் எந்தப் போர்டும் போகவில்லை. போர்டு போய்விட்டது என்று அவரிடம் சொன்னவன் நான்.

ஏன் சொன்னேன் என்பதற்கு 2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும். அன்று காலை 10 மணி 40 நிமிடத்துக்குக் கிருஷ்ணகிரி மருத்துவமனையில் யாழினி பிறந்தாள். நான் அதை மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு அறிந்தேன். அழைத்தவர் உன் மாமா, கவிதாவின் அப்பா முனிரத்தினம். "சம்பந்தி! பேத்தி பொறந்துட்டா! காலையிலயே! நாந்தான் மொதல்ல கையில வாங்குனன்!" என்று கத்தினார். காதிலிருந்து கைப்பேசியை விலக்கிப் பிடித்தேன். வாழ்த்து சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஐந்தரை மணி நேரம் என் மகன் என்னை நினைக்கவில்லை என்று கணக்குப் போட்டேன். நீ 10 மணி 50 நிமிடத்துக்கு என்னை அழைத்துப் பார்த்துவிட்டுப் புனேயில் விமானம் ஏற ஓடினாய் என்பது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குக் கசந்தது. கவிதாவும் குழந்தையும் புனேக்கு வந்த பிறகு, ஞாயிறு காலையில் நீ முனிரத்தினத்தை வீடியோவில் அழைக்கிறாய் என்று அவரே சொன்னார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "இன்னிக்கு என்னப் பாத்து சிரிச்சா சம்பந்தி." "இன்னிக்கு குப்புற உழுந்தா சம்பந்தி." எனக்குப் புதன்கிழமை நான்கு நிமிடம், அவருக்கு ஞாயிறு நாற்பது நிமிடம். பிளஸ் டூ முடித்தவன் நான், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன், உன்னைப் பொறியாளனாக்கியவன். அவரோ கைப்பேசியை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு கடலைக்காட்டில் களை பறிப்பவர். அவரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று இரவும் பகலும் நினைத்தேன். இதை எழுத வெட்கப்படுகிறேன். ஆனால் பொறாமைக்கு நாகரிகமான வேறு பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி என் கைப்பேசியைப் பற்றி. 2021 மார்ச் 3 அன்று வாங்கியது. இன்றுவரை ஒரு கீறல் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியிலும் ஒட்டுவோமே, கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி என்று, அப்படி ஒரு துண்டுச் சீட்டை அதன் முதுகிலும் ஒட்டியிருக்கிறேன். வார விடுமுறையில் இயந்திரங்களை நிறுத்திப் பராமரிப்பதுதான் எங்கள் வழக்கம். அதே வழக்கப்படி ஞாயிறு காலை 8 மணிக்குக் கைப்பேசியை அணைத்து, கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, பகல் 1 மணி வரை ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் இயக்குவேன். இயக்கியதும் வந்து குவிந்திருக்கும் குறுஞ்செய்திகளைத் திறக்காமலே மொத்தமாக அழிப்பேன். எல்லாம் விளம்பரம், இடத்தை அடைப்பவை என்பது என் முடிவு. "ஞாயித்துக்கிழம ஆஃப்ல இருக்கேப்பா" என்று நீ ஒரு புதன்கிழமை கேட்டபோது, "அது பராமரிப்பு நேரம்" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போனேன். ஒரு முறை அழைத்துவிட்டு நூறு முறை அழைத்ததுபோலப் பேசுகிறான் என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன்.

2024 ஜூன் 5, புதன்கிழமை, முனிரத்தினம் ஊத்தங்கரையிலிருந்து இரண்டு பேருந்து மாறி இங்கே வந்தார். கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை. "என்னாங்க சம்பந்தி, ஒயரு சொருகுனா ஒக்கார மாட்டேங்குது. எங்கூரு பையங்கிட்ட குடுத்தா இன்னும் கெடுத்துப்புடுவான். நீங்கதான் இதுல கெட்டிக்காரரு, பாருங்க" என்று மேசைமேல் வைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சார்ஜ் துளைக்குள் செம்மண்ணும் லுங்கி நூலும் சேர்ந்து அட்டையாக இறுகியிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. பக்குவமாக எடுத்தால் இரண்டு நிமிட வேலை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைக் கீழே வைத்து, "போர்டில் கோளாறு மாதிரி இருக்கிறது. வைத்துவிட்டுப் போங்கள், நாளாகும்" என்றேன். "எத்தினி நாளானாலும் பரவால்லிங்க, நீங்க சொன்னா சரி" என்று டீகூடக் குடிக்காமல் பேருந்துக்கு ஓடினார். நான் அதைத் துணியில் சுற்றி பீரோவில், உன் அம்மாவின் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 9, ஜூன் 16, இரண்டு ஞாயிறும் போயின. அவருக்கு அழைப்பு இல்லை என்றால் எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் கைப்பேசி அணைந்திருக்கும்போது எப்படி வரும் என்று யோசிக்கவில்லை; நீ அழைப்பதாக இருந்தால் மாலையில் அழைக்கட்டுமே என்பது என் வீம்பு. ஜூன் 23 அன்று மட்டும் பராமரிப்பை நிறுத்தி வைத்தேன். எட்டு மணிக்கு அணைக்காமல் மேசைமேல் வைத்து எதிரில் உட்கார்ந்தேன். 9 மணி 5 நிமிடத்துக்கு அடித்தது. நீ.

"அப்பா! அதிசயமா இருக்கே! ஒரு வருஷமா ஞாயித்துக்கிழம மொதல்ல உங்களுக்குத்தான் போடறேன், இன்னிக்குத்தான் எடுத்திருக்கீங்க!" என்றாய். பிறகு வீடியோவில் வந்தாய். யாழினியை முப்பத்தெட்டு நிமிடம் பார்த்தேன். அவள் என் கண்ணாடியைப் பிடிக்கத் திரையில் கை வைத்தாள். நடுவில் நீ சாதாரணமாக ஒன்று சொன்னாய்: "போன ஞாயிறு மொதமொதலா தவந்தாப்பா. உங்களுக்குப் போட்டேன் ஆஃப், மாமாவுக்குப் போட்டேன் ஆஃப். ரெண்டு தாத்தாவுக்கும் குடுப்பினை இல்லன்னு கவிதா சிரிச்சா. ஆமா, மாமா போன் ரெடியாயிருச்சா?" நான் சொன்னேன், "பெங்களூரிலிருந்து பாகம் வர வேண்டும்." பீரோ எனக்கு நான்கு அடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ஜூன் 24, பேருந்து நிலையத்தின் பின்புறம் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ரூபாவிடம் கொண்டுபோனேன். ஊசியால் நானே குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோக முனை வளைந்துவிடும். அதை நீயும் செய்யாதே. ரூபா வீட்டில் கன்னடம், கடையில் எல்லா மொழியும். அவளிடம் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி, பிரஷ், காற்றூதி எல்லாம் உண்டு. இரண்டு நிமிடத்தில் செம்மண்ணைக் கொட்டிக் காட்டினாள். "இதுக்கு எத்தன நாளு சார் வச்சிருந்தீங்க?" என்றாள். பத்தொன்பது நாள் என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினாள். பிறகு, உன் அழைப்புகள் எனக்கு எப்படித் தெரியாமல் போயின என்று கேட்டேன். அணைத்திருந்தபோது யார் அழைத்தார்கள் என்று மெசேஜ் வருமே என்றாள். மெசேஜை நான் படிப்பதில்லை, மொத்தமாக அழிப்பேன், ஞாயிறு ஐந்து மணி நேரம் ஓய்வும் கொடுப்பேன் என்றேன். கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ தேவரே! இது என்ன லேத் மிஷினா சார், லீவு விடறதுக்கு? வாரம் ஒரு தடவ ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணா போதும், ரெண்டு நிமிஷம். நீங்க அழிச்ச மெசேஜுக்குள்ளதான் சார் உங்க மகன் இருந்தாரு."

அத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. முனிரத்தினத்திடம் கைப்பேசியைக் கொடுக்கும்போது, போர்டை ஒருவாறு சரி செய்தாயிற்று, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்றேன். பத்தொன்பது நாளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தப் பொய்தான் அவர் வாய் வழியாக உன்னிடம் வந்து, புதிய கைப்பேசியாக என்னிடமே திரும்பியிருக்கிறது. நன்றிக்காக அவர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். அவற்றைத் தின்றேன். இனிப்பாக இருந்தன என்பதையும் மறைக்கவில்லை.

ஜூன் 30 முதல் ஞாயிறு ஒன்பது மணி என்னுடையதாயிற்று. உன் பேச்சு என்னோடு முடிந்து அவருக்குப் போவதற்குள் குழந்தை தூங்கிவிடுகிறாள். அவருக்கு இப்போது எட்டு நிமிடம் என்று கவிதா சொன்னாள். நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் முழுவதும் உற்சாகமாக இருந்தேன், குமரா.

நான்காவது கடைப் படியிலிருந்து திரும்பியதற்கு மறுநாள், ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, முதல் பேருந்தில் ஊத்தங்கரை போனேன். வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டேன். அவர் பம்ப்செட் அருகே வாய்க்கால் கரையில் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். "கண்ணாடி வூட்ல இருக்குது, நீங்களே படிங்க" என்றார். எழுதியதற்கு எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று. பீரோ, புடவை, பத்தொன்பது நாள், பெங்களூர்ப் பாகம், எல்லாவற்றையும் அவர் எதிரில் நின்று நானே படித்தேன்.

மண்வெட்டியை வாய்க்காலில் நாட்டிவிட்டு, என் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பிறகு, "தவந்தத ரெண்டு பேரும் பாக்கலியே" என்றார். அவ்வளவுதான் முதலில். அடுத்து அவரே தொடங்கினார்: "ஒண்ணு சொல்றன் சம்பந்தி, கோச்சிக்கக் கூடாது. மாப்ள போன எடுத்தா மொத வார்த்தயே 'அப்பாவுக்குப் போட்டேன் மாமா, ஆஃப்ல இருக்குது'ன்னுதான் வரும். வாராவாரம். எனக்குத் தெரியும். சம்பந்தி, ஞாயித்துக்கிழம போன ஆன்ல வைங்கன்னு ஒரு வார்த்த உங்களுக்கு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன்?" என்றேன்.

"நீங்க எடுத்துட்டா எனக்கு எட்டு நிமிசந்தானே?"

எனக்குக் கோபம் வந்தது. வரக்கூடாது என்று தெரிந்தும் வந்தது. மாதக்கணக்கில் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் குப்புற விழுந்தாள், சிரித்தாள் என்று எனக்குச் செய்தியும் சொல்லியிருக்கிறார். அவருக்கும் என்மேல் கோபம் இருந்தது. இருவரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். "பொறாமப்பட நமக்கு வேற ஆளே கெடைக்கலியா சம்பந்தி?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. இருவரையும் ஒரே அழைப்பில் சேர்க்க வழி இருக்கிறது என்று ரூபா சொல்லியிருந்ததை அவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலன்னா, கொழந்த யாரப் பாக்கும்?" என்றார். என் எண்ணமும் அதுவே. எங்கள் இருவருக்கும் அது வேண்டாம்.

ஆகையால் நீ கேட்டதற்கு என் பதில். அவருக்குப் புதிய கைப்பேசி வாங்கவில்லை. நான்கு ஆண்டாகிவிட்டதால் பேட்டரி மட்டும் தளர்ந்திருக்கிறது. அசல் பேட்டரியாகப் பார்த்து ரூபாவிடம் மாற்றித் தருகிறேன், இன்னும் இரண்டு ஆண்டு ஓடும். ஆனால் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. எனவே வங்கிச் செயலியை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பேசவும் பார்க்கவும் மட்டும் அது போதும். லுங்கி மடிப்பு கூடாது, சட்டைப் பையில் துளை மேல்நோக்கி இருக்காதபடி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். "சட்டையே போடறதில்லையே" என்கிறார். ஒரு ரப்பர் மூடி வாங்கிக் கொடுப்பேன். நீ அங்கே வாங்குவதானால், மேலே எழுதிய நான்கையும் பார்த்து வாங்கு. சார்ஜை இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதே, எண்பதுக்கு மேல் எப்போதும் ஏற்றி வைக்காதே, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதே. என்னைப்போல அதற்கு விடுமுறை விடாதே.

உன்னிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஓராண்டு முழுவதும் நீ என்னைத் தேடினாய். நான் உன்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால், "பரவால்லப்பா" என்று சொல்லி நான்கு நிமிடத்தில் முடித்திருப்பாய். அவ்வளவு எளிதாக முடிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்பாயானால், போகவில்லை. வெள்ளிக்கிழமை பேருந்தில் திரும்பும்போதே, அன்று இரவே அவர் உன்னை அழைத்து முந்திக்கொள்வாரோ என்று கைப்பேசியை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. ரூபாவின் கடைச் சீட்டு, 2024 ஜூன் 24 தேதியிட்டது. வேலை என்ற இடத்தில் 'சார்ஜ் போர்ட் சுத்தம்' என்று மட்டும் இருக்கிறது. போர்ட் என்றால் ஒயர் செருகும் துளை; போர்டு என்ற சொல்லை அதில் தேடாதே.

2. முனிரத்தினத்திடம் நான் படித்த கடிதம், இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் உள்ள சேறு அவருடைய விரல் தடம்.

3. செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 29 வரையான ஞாயிற்றுக்கிழமைகளின் அட்டவணை, ஒரு தாள். வாரம் மாறி வாரம், முதல் அழைப்பு யாருக்கு என்று எழுதி, கீழே இருவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். நம் நேரம் பகல் ஒன்றரை. அக்டோபர் 27 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்களாம், அன்றிலிருந்து இரண்டரை. செப்டம்பர் 8 கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அது யாருக்கு என்பதில் வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பேருந்து வரும்வரை பேசியும் நாங்கள் உடன்படவில்லை. அந்தக் கட்டத்தைப் பொறுத்தே அடுத்த கட்டங்கள் மாறும் என்பதால் மற்றவற்றைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம். அதை நீ நிரப்பு. அன்று இரண்டு கைப்பேசிகளும் விடியற்காலையிலிருந்தே இயக்கத்தில் இருக்கும்.